போனஸுக்கும் பிள்ளைப் பராமரிப்புக் காசு வெட்டுவாங்களா?

லூட்டன் சிவா: நேற்று இன்னொரு திரியில ஒருத்தர் எழுதினது: "போனஸ் ஒருதரம் வாற காசு. 25 வீதம் தாண்டாட்டி சி.எம்.எஸ். (பிரிஞ்சு வாழுற பெற்றோர் கட்ட வேண்டிய பிள்ளைப் பராமரிப்புக் காசைக் கணிக்கிற பிரித்தானிய அரச சேவை) தொடவே ஏலாது." அதுக்குக் கீழ ஒரே கைதட்டல்! இங்கிலாந்துச் சட்டம் தெரியாமல் ஆக்களைக் குழியில தள்ளாதேங்கோ. வரித் திணைக்களமான எச்.எம்.ஆர்.சி.யிட்ட இருக்கிற கடைசி வரி வருசத்து மொத்த வருமானத்தைத்தான் சி.எம்.எஸ். எடுக்கும். போனஸும் அதுக்குள்ளதான் கிடக்கு.

ஹவுன்ஸ்லோ கோபால்: அந்த "ஒருத்தர்" நான்தான். பேரைச் சொல்லியே திட்டலாம், கோச்சுக்க மாட்டேன். 25 சதவீதத்துக்குக் கம்மியா ஏறினா மாத்த மாட்டாங்க. விதி அது.

சிவா: இடையில மாத்த மாட்டினம். ஆண்டு மீளாய்வில தன்ரபாட்டில மாறும். ரெண்டு பிள்ளை, வருசம் 36,500 பவுண்டு எண்டு வையுங்கோ. 365ஆல பிரிச்சு 7ஆல பெருக்கினா கிழமைக்கு 700; ரெண்டு பிள்ளைக்கு 16 வீதம் எண்டால் 112 பவுண்டு. சம்பளம் 10 வீதம் கூடினா 770. போன் அடிச்சாலும் உடன அசையாது. அந்த வரி வருசத்துக் கணக்கு மீளாய்வுக்கு வரேக்க 123 பவுண்டு 20 பென்ஸ். விளங்குதோ?

கோபால்: 25 ஆகலேன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்களே!

வாணி: ஒரு நிமிடம். 25 எதில்? கட்டும் தொகையிலா, வருமானத்திலா? இரண்டு பேரும் அதைச் சொல்லவே இல்லை. வரிக்கு முந்தைய வருமானத்தில், பென்ஷன் கட்டியது போக.

கோபால்: யாராவது 25க்குக் கீழே மாத்தின கடிதம் காட்டட்டும்.

சிவா: மீளாய்வுக் கடிதம் எல்லாமே அப்பிடித்தான் வருது! சரி, உங்கட 25ஐயே எடுப்பம். அதே ஆளுக்கு 9,125 பவுண்டு போனஸ். சரியா 25 வீதம். "தாண்ட" வேண்டாம், தொட்டாலே காணும். கிழமைக்கு 875. முதல் 800க்கு 16 வீதம் 128, மிச்சம் 75க்கு 12 வீதம் 9. மொத்தம் 137.

கோபால்: போனஸ் வந்தது ஒரு மாசம். மத்த பதினொரு மாசம் பழைய சம்பளம்தானே?

சிவா: நடப்பு வருமானம், அதாவது பழைய வரி வருசத்தை விட்டு இப்பத்தைய வருமானம், பாக்கேக்க கடைசி 12 மாத போனஸையும் கூட்டி, அதே மாதிரி 365ஆல பிரிச்சு 7ஆல பெருக்குவினம். மார்ச்சில வராமல் ஏப்ரல் 6க்குப் பிறகு வந்தால் தப்பிறதில்லை, அடுத்த வரி வருசத்தில விழும். அவ்வளவுதான்.

கோபால்: அப்போ போனஸை அப்படியே பென்ஷன்ல போட்டுடலாம். கணக்கு முடிஞ்சது.

வாணி: முடியாது. அளவுக்கு மீறிப் போட்டால் வருமானத்தைத் திசை திருப்புவதாகச் சொல்லி, காசு வாங்கும் பெற்றோர் மாற்று மதிப்பீடு கேட்கலாம். சம்பளத்தில் வரிக்கு முன்பே பிடிக்காத பென்ஷன் என்றால் எச்.எம்.ஆர்.சி. தொகையில் அது கழிந்திருக்காது, கட்டுபவர்தான் சி.எம்.எஸ்.ஸிடம் கேட்டுக் கழிக்க வேண்டும். பலர் இதில்தான் காசை விடுகிறார்கள்.

சிவா: கோபாலுக்கு இது புதுசில்லை. போன மாசம் 20 வீதக் கட்டணம் வாங்கிற ஆளின்ர தலையில எண்டு எழுதினவர். சி.எம்.எஸ். வசூலிச்சுக் குடுத்தால் கட்டுறவருக்கு 20, வாங்கிறவருக்கு 4.

கோபால்: அது தட்டச்சுப் பிழை. இன்னும் எத்தனை நாள் அதையே பிடிச்சுத் தொங்குவீங்க?

பெட்ஃபோர்ட் ராசன்: பிள்ளை வருசத்தில 52 இரவு கட்டுறவரோட தங்கினா கட்டுற காசில ஏழில ஒண்டு குறையும். அதைப் பற்றி ஒருத்தரும் மூச்சு விடேல்லையே?

சிவா: தலைப்பு போனஸ், ராசன் அண்ணை. இன்னொண்டு: நடப்பு வருமானத்தில கணக்குப் போட்ட ஆக்கள் 25 வீதமோ அதுக்கு மேலயோ கூடினால் தாங்களே அறிவிக்க வேணும். ஒளிச்சால் 1,000 பவுண்டு வரை தண்டம். எச்.எம்.ஆர்.சி. கணக்கில இருக்கிறவைக்கு அந்தக் கடமை இல்லை.

கோபால்: பாருங்க, மறுபடியும் 25! நான் சொன்னதேதான்.

வாணி: அவர் சொன்னது அறிவிப்பதைப் பற்றி.

ராசன்: 52 இரவை எண்ணுறது ஆர்? தாயோ தகப்பனோ?

கோபால்: அதுக்குத் தனியா திரி போடுங்க சார். இங்க எனக்கும் சிவாவுக்கும் கணக்கு பாக்கி இருக்கு.