2-ன் 64-ஆம் அடுக்கு: கடைசியில் ஐந்து பூஜ்ஜியம் ஏன் வருகிறது?

கல்லிடைக்குறிச்சியிலிருந்து:
வணக்கம். மகள் ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக் கண்காட்சிக்குச் சதுரங்கப் பலகைக் கணக்கை எடுத்திருக்கிறாள். முதல் கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, அப்புறம் நான்கு என்று 64 கட்டமும் நிரப்பினால் மொத்தம் எத்தனை? விடை 2-ன் 64-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டால் 18446744073709600000 என்று காட்டுகிறது. ஒன்றைக் கழித்தாலும் கழிக்காவிட்டாலும் அதே எண்தான். "இரண்டை எத்தனை முறை பெருக்கினாலும் கடைசி இலக்கம் 2, 4, 8, 6 என்றுதானே சுற்றும், பூஜ்ஜியம் எப்படி வந்தது?" என்கிறாள். செல்லை நம்பர் என்று மாற்றி, அகலத்தைக் கூட்டியும் பார்த்தாச்சு. சரியான எண்ணை எப்படி எடுப்பது?

பதில், பாளையங்கோட்டை:
அண்ணாச்சி, மகள் கேட்பது நியாயம். ஸ்ப்ரெட்ஷீட் 15 இலக்கம் வரைதான் காட்டும், மீதி இடங்களில் பூஜ்ஜியத்தை நிரப்பிவிடும். எண்ணை உள்ளே வைத்துக்கொள்ள அதற்கு 53 பிட் (இரும இலக்கம்) தான் உண்டு. 2-ன் 53-ஆம் அடுக்கான 9007199254740992-ஐத் தாண்டினால் எல்லா முழு எண்ணும் துல்லியமாக நிற்காது. கழித்த ஒன்று காணாமல் போவதும் அதனால்தான். பைத்தான் நிரல்மொழியில் 2**64 - 1 என்று அடித்து எண்டர் தட்டுங்கள்:

18446744073709551615

ஷீட்டில் ஒட்டும்போது முன்னால் ஒற்றை மேற்கோள் குறி போடுங்கள், இல்லையென்றால் மறுபடியும் பூஜ்ஜியம் வந்துவிடும். 64 நான்கால் வகுபடும் என்பதால் அடுக்கு 6-ல் முடியும். ஒன்று போக 5. சரியாக இருக்கிறது. இலக்கங்களைக் கூட்டினால் 87, ஆகவே 3-ஆல் வகுபடும்.

பதில், அம்பாசமுத்திரம்:
எண்ணோடு நிறுத்திவிடாதீர்கள், காரணிப்படுத்தச் சொல்லுங்கள். இரு வர்க்கங்களின் வித்தியாசம் அவள் பாடத்தில் இருப்பதுதான். 2⁶⁴ − 1 = (2³² + 1)(2³² − 1). பின்னதை இப்படியே பிரித்துக்கொண்டு போனால்:

3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

முதல் ஐந்தும் பகா எண்கள். ஆறாவதும் பகா எண்தான் என்று ஃபெர்மா நம்பினார். 1732-ல் ஆய்லர் அதை உடைத்துக் காட்டினார்: 641 × 6700417. இதன் பகாக் காரணி எதுவானாலும் 64-ன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்கும் என்றும் அவரே நிறுவினார். அந்த வரிசையில் வரும் பகா எண்கள் 193, 257, 449, 577, அடுத்தது 641. ஐந்தே ஐந்து வகுத்தல். எனக்கு இந்தக் கணக்கில் மிகவும் பிடித்த இடம் இதுதான். மகளைக் கையாலேயே வகுக்கச் சொல்லுங்கள், கால்குலேட்டர் வேண்டாம்.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து:
இருவருக்கும் நன்றி. பைத்தானில் 20 இலக்கமும் வந்துவிட்டது. 641-ஆல் வகுத்துவிட்டாள், மீதி இல்லை. சார், மொத்தம் எத்தனை காரணிகள்? பலகையில் நிஜ நெல் வைக்கலாமா?

பதில், அம்பாசமுத்திரம்:
ஏழு பகா எண்கள், ஒவ்வொன்றும் ஒரே முறை. ஆகவே 2⁷ = 128 காரணிகள். முதல் வரிசைக்கு 255 நெல் போதும், அது 3 × 5 × 17. இரண்டு வரிசைக்கு 65535. அதே மூன்றோடு 257 சேரும். ஆயிரம் நெல் 25 கிராம் என்று வைத்தால் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல். அதற்கு மேல் வேண்டாம், மூன்றாவது வரிசை முடிவதற்குள் 400 கிலோ தாண்டிவிடும்.