மேட் மூன்று முறை துள்ளியது, நாலாவது முறை இல்லை: ஏமாற்றிய தொடர்புகள் பற்றிய அனுபவப் பகிர்வு

ஆலா:
நீர்மூழ்கி வேட்டையில் இன்றுவரை உறுத்தும் தொடர்பு (கருவியில் தெரியும் இலக்கின் அறிகுறி) ஒன்று. கடற்கண்காணிப்பு விமானம் பி-3 ஓரியன், உயரம் 60 மீட்டர், அந்த இடத்தில் கடலின் ஆழம் 90 மீட்டர். காற்றை எதிர்த்து முதல் ஓட்டம். மேட் (நீர்மூழ்கியின் இரும்பு காந்தப்புலத்தைக் கலைப்பதைக் காட்டும் கருவி) கோடு பளிச்சென்று எழுந்து இறங்கியது, இடத்தை அடையாளம் வைக்க உடனே புகைக்குறி போட்டாயிற்று. 6 நிமிடம் கழித்து அதே திசையில் இரண்டாவது ஓட்டம்: துள்ளல் இந்த முறை புகையைத் தாண்டி, காற்று வரும் பக்கமாக ஏறத்தாழ 280 மீட்டரில். 13-வது நிமிடம் மூன்றாவது: 600 மீட்டரில். காற்றுக்கு எதிராக ஒன்றரை நாட் வேகத்தில் ஊரும் டீசல் நீர்மூழ்கி என்றுதான் யாரும் கணக்குப் போடுவார்கள். 20-வது நிமிடம், உறுதிப்படுத்த, குறுக்குவாட்டில் நாலாவது ஓட்டம். கோடு அசையவே இல்லை. சோனோபாய்களிலும் (நீரடிச் சத்தத்தை ரேடியோவில் அனுப்பும் மிதவைகள்) சுழலிச் சத்தம் இல்லை. அந்தத் தட்டைக் கோடு கண்ணை விட்டுப் போகவில்லை. இதுபோல வேறு தொடர்பு தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

வால்கம்பு:
ஆலா சார், ஈடுகட்டல் ஒழுங்கா நடந்ததா? விமானத்தோட சொந்தக் காந்தப்புலத்தைக் கழிக்காம மேட் பார்க்கிறது வீண். நல்ல உயரத்துல, நாலு திசையிலயும் மூக்கை ஏத்தி இறக்கி, இறக்கையைச் சாய்ச்சு, வாலை ஆட்டி அளவு எடுக்கணும். எடுத்த பிறகு யாராவது இரும்புப் பெட்டியைப் பின்பக்கம் நகர்த்திட்டா எல்லாம் முதல்லேர்ந்து. ஒரு ஓட்ட வரிசையில ஒவ்வொரு திருப்பத்துலயும் ‘தொடர்பு’ வந்துக்கிட்டே இருந்தது. தேடிப் பார்த்தா பின்பக்கம் கட்டாம வச்ச கருவிப்பெட்டி.

இன்னொண்ணு, உயரம். சமிக்ஞை தூரத்தோட மூணாம் அடுக்குக்கு எதிர்விகிதம். 200 மீட்டர் ஆழத்துல இருக்கிற நீர்மூழ்கிக்கு மேல 60 மீட்டர்ல பறந்தா தூரம் 260. அதையே 300 மீட்டர்ல பறந்தா 500. தூரம் இரண்டு மடங்குகூட ஆகல, சமிக்ஞை ஏழில் ஒரு பங்காயிடும். இருட்டுல 60 மீட்டர் பயமா இருக்குன்னு மேல ஏறிட்டு ‘ஒண்ணும் இல்லை’ன்னு எழுதுறது பொய்ப் பதிவு. இதைக் கறாராவே சொல்றேன்.

சேனல் 41:
வால்கம்பு அண்ணே, ஈடுகட்டல் பிழை விமானம் சாயும்போதும் திரும்பும்போதும்தான் தலைகாட்டும். நேராகவும் சமமாகவும் பறந்த மூன்று ஓட்டங்களில் இப்படி வரிசையாக வராது. ஆலா சொன்னதற்கு அது விடை இல்லை.

என்னிடம் இருப்பது சோனோபாய் விஷயம். எட்டு பாய்களும் ஊமை. எரிபொருளை மிச்சம் பிடிக்க விமானம் மேலே ஏறுகிறது. 4,500 மீட்டரைத் தொடும்போது ஒரு சேனலில் மட்டும் தெளிவான சுழலிச் சத்தம், திசைக்கோடு வடகிழக்கே. கீழே இறங்கினால் செத்துப்போகிறது. மறுபடி ஏறினால் மறுபடி வருகிறது. அந்த ஏற்ற இறக்கம்தான் துப்பு. மொத்தமே 99 விஎச்எப் சேனல்கள். 300 மீட்டரில் ரேடியோ அடிவானம் 70 கிலோமீட்டர் தொலைவில் முடிந்துவிடும், 4,500 மீட்டரில் 270 கிலோமீட்டருக்கு மேல் போகும். நம் பாய் மிதவை கிழிந்து எப்போதோ மூழ்கிவிட்டது. காலியான அதே சேனலில், வெகுதூரத்தில் வேறொரு விமானம் போட்ட பாய் பேசிக்கொண்டிருந்தது. திரையோ நம் பாய் இருந்த இடத்திலிருந்தே கோடு வரைந்தது. சத்தம் உண்மை, இடம் பொய்.

போடுவதற்கு முன் உயரத்தில் இருக்கும்போதே எல்லாச் சேனலையும் ஒருமுறை கேட்டு, ஏற்கெனவே அலை வரும் எண்ணை ஒதுக்கிவிட வேண்டும். பி-3யின் வயிற்றில் பாய்களை ஏற்றி வைக்கும் 48 வெளிக்குழாய்களைப் பறக்கும்போது தொட முடியாது, ஆகவே இந்த யோசனை தரையில் ஏற்றும்போதே வேண்டும். சந்தேகம் வந்தால் பாய்க்கு நேர் மேலே பறந்து மேலிடங்காட்டி (பாயின் அலை வரும் திசையைக் காட்டும் கருவி) முள் திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பவில்லையா, அந்தப் பாய் அங்கே இல்லை.

சன்னலோரம்:
கருவி மட்டுமா ஏமாத்தும், கண்ணும் ஏமாத்தும். 2014 மார்ச், காணாமல்போன எம்எச்370 விமானத்தின் தேடல். ஆஸ்திரேலிய ஓரியன் ஒன்று ஆரஞ்சு நிறத்தில் நாலு பொருள்கள் பார்த்தது, ஒவ்வொன்றும் 2 மீட்டருக்கு மேல். கடைசியில் மீன்பிடிச் சாதனம். அதற்குச் சில நாள் முன்பு தேடிய பகுதி பெர்த்திலிருந்து 2,500 கிலோமீட்டர். போக 4 மணி, வர 4 மணி, நடுவில் தேட இரண்டே மணி நேரம். அந்த இரண்டு மணியில் ஆரஞ்சு தெரிந்தால் மனசு எப்படி அடித்துக்கொள்ளும்!

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் பார்வையாளர் இருக்கையில் உட்காரப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். கடலை மேய்வதுபோல் பார்க்காதீர்கள். பத்துப் பத்து டிகிரியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கண்ணை நிறுத்தி, பிறகு நகர்த்துங்கள். வெறும் நீரையே பார்த்தால் கண் அருகிலேயே குவிந்து நின்றுவிடும், அதனால் அவ்வப்போது இறக்கை நுனியையோ தூரத்து அலை முகட்டையோ பார்த்துச் சரி செய்யுங்கள். அரைமணிக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும், களைப்பு தெரியும் முன்பே. சன்னலைப் பறக்குமுன் துடையுங்கள். தாழப் பறந்தால் உப்புப் படலம் ஏறும், வெயில் பட்டதும் அது வெள்ளைத் திரையாகிவிடும். எதையாவது கண்டால் முதலில் வாய், பிறகுதான் கை: ‘மூன்று மணித் திசை, அரை மைல்’ என்று கத்திவிட்டுக் கண்ணை எடுக்காமல் இருங்கள். குறிப்பெழுதக் குனிய வேண்டாம். 200 நாட் என்றால் நொடிக்கு 100 மீட்டர். பத்து நொடி குனிந்தால் ஒரு கிலோமீட்டர் போயிற்று, அந்தப் பொருளை மறுபடி கண்டுபிடிக்க முடியாது. புகைக்குறியை உடனே போடச் சொல்லுங்கள். அந்தக் கணமே இடத்தைக் கணினியில் பதியச் சொல்லுங்கள். இரண்டில் ஒன்று போதாது, இரண்டும் வேண்டும்.

வால்கம்பு:
சேனல் 41 தம்பி சொன்னது சரி, நேர் ஓட்டத்துக்கு என் விடை பொருந்தாது, ஒத்துக்கிறேன். ஆனா உயரத்துல உட்கார்ந்து பாயை மட்டும் நம்புற பழக்கம்தான் இப்படிச் சேனல் குழப்பத்துல கொண்டுபோய் விடுது. பி-3க்கு அடுத்து வந்த அமெரிக்க பி-8ஏயில மேட்டையே எடுத்துட்டாங்க. இந்தியக் கடற்படை தன்னோட பி-8ஐக்கு வேணும்னு கேட்டு வச்சுக்கிச்சு. அதுதான் புத்தி.

நங்கூரம்:
சன்னலோரம் எழுதிய கடைசி வரியில்தான் ஆலாவின் விடை இருக்கிறது. புகைக்குறி மிதக்கும் பொருள். அது காற்றோடும் நீரோட்டத்தோடும் போகும். தொடர்பு நகரவே இல்லை, புகைதான் நகர்ந்தது. 6 நிமிடத்தில் 280 மீட்டர், 13 நிமிடத்தில் 600 மீட்டர் என்றால் நிமிடத்துக்கு 46, சரியாக ஒன்றரை நாட். புகையிலிருந்து பார்க்கிறவருக்குத் கடல்தரையில் கிடக்கும் இரும்பு காற்றை எதிர்த்து ஊர்வதுபோல் தெரியும். கீழே கிடந்தது மூழ்கிய கப்பல். அதனால்தான் பாய்களில் சுழலி இல்லை.

முதல் மூன்று ஓட்டமும் காற்றுக் கோட்டின் மேலேயே போனதால் புகை எங்கே இருந்தாலும் கப்பலையும் தாண்டித்தான் போயிருக்கும். நாலாவது குறுக்குவாட்டு. ஆலா, ஒன்றே ஒன்று: நாலாவது ஓட்டத்தில் விமானி எதைக் குறிவைத்தார்? 20-வது நிமிடத்தில் புகை கப்பலிலிருந்து 920 மீட்டர் தள்ளி இருக்கும். நேர் மேலே 150 மீட்டரில் வந்த சமிக்ஞை அங்கே இருநூறில் ஒரு பங்குகூட இராது.

ஆலா:
பதிவேட்டைப் பார்த்தேன். நாலாவது ஓட்டம்: ‘புகைக்கு நேர் மேல்.’