டிரில்லில் மாட்டும் வின்ச்: தென்னந்துண்டு கடைசி 12 அடியில் நின்றுவிடுகிறது, ஏன்?

ஆனைமலைத் தோப்பு:
வணக்கம். வேர் வாடல் நோயால் எங்கள் பக்கம் எத்தனை தென்னை விழுகிறது என்று தெரிந்திருக்கும். எங்கள் தோப்பிலும் ஓடையை ஒட்டிய வரிசையை வெட்ட வேண்டியதாகிவிட்டது. மரத்தை 12 அடித் துண்டுகளாக அறுத்துப் போட்டிருக்கிறோம். அடிப்பக்கத் துண்டு ஏறக்குறைய ஓரடி குறுக்களவு இருக்கும். ஓடைச் சரிவிலிருந்து மேலே வண்டித்தடம் வரை 30 அடி இழுத்தாக வேண்டும். மூன்றடி போனால் ஓரடி ஏறுகிற சரிவு. நடுவில் சொட்டுநீர்க் குழாய் ஓடுவதால் டிராக்டரை உள்ளே விட முடியாது.

இதற்காக டிரில்லில் மாட்டி ஓட்டும் சின்ன வின்ச் (ரோப்பைச் சுற்றி இழுக்கும் கருவி) வாங்கினேன். 750 பவுண்டு என்று போட்டிருக்கிறது. 40 அடி கம்பி ரோப். மேட்டில் இருக்கும் தென்னையில் கட்டி, 18 வோல்ட் பேட்டரி டிரில்லால் ஓட்டுகிறேன். ஆரம்பத்தில் துண்டு அருமையாக ஏறி வருகிறது. வின்ச்சுக்கு 12 அடி இருக்கும்போது டிரில் முனகி, விளக்கு மினுக்கி நின்றுவிடுகிறது. பத்து நிமிடம் ஆறவிட்டு அழுத்தினாலும் அரை அடி நகர்ந்து மறுபடி நிற்கிறது. டிரில் போதவில்லையா, வின்ச்சில் கோளாறா?

கோவை எலக்ட்ரிக்கல்:
பேட்டரி எத்தனை ஏ.எச். (ஆம்பியர்-அவர், அதாவது கொள்ளளவு)? 2 ஏ.எச். பேட்டரி என்றால் கனமான இழுவையில் வோல்டேஜ் சட்டென்று விழும், டிரில் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடும். 4 அல்லது 5 ஏ.எச். போட்டுப் பாருங்கள். கியர் 1-இல் இருக்கிறதா, கிளட்ச் வளையம் துரப்பணப் படத்துக்கு நேராக இருக்கிறதா என்பதையும் சொல்லுங்கள். எண்களில் வைத்தால் ‘டகடக’ என்று வழுக்கும். சுத்தியல் படத்தில் வைக்கவே வேண்டாம்.

ஆனைமலைத் தோப்பு:
கியர் 1, துரப்பணப் படம், 4 ஏ.எச். பேட்டரிதான் அண்ணா. முழு சார்ஜில் இன்னொரு பேட்டரியும் மாற்றிப் பார்த்தேன். அதே இடத்தில்தான் நிற்கிறது. வேறொரு வரிசையில், வேறு மரத்தில் கட்டி இழுத்தபோதும் வின்ச்சுக்கு 12 அடி இருக்கும்போதுதான் நின்றது.

ஈரோடு பட்டறை:
கடைசியாகச் சொன்னீர்களே, அதில்தான் விடை இருக்கிறது. பேட்டரியோ சூடோ காரணமென்றால் ஒருநாள் 20 அடியில் நிற்கும், ஒருநாள் 5 அடியில் நிற்கும். இடம் மாறினாலும் ரோப்பின் அதே நீளத்தில் நிற்கிறது என்றால் டிரம்மில் (ரோப் சுற்றும் உருளையில்) சுற்றிய அடுக்கைப் பாருங்கள். ஒரு உதவி: வெறும் டிரம்மின் குறுக்களவு, ரோப் முழுதும் சுற்றியபின் உள்ள குறுக்களவு, ரோப்பின் தடிமன், மூன்றையும் அளந்து போடுங்கள்.

ஆனைமலைத் தோப்பு:
வெறும் டிரம் 4 செ.மீ., முழுதும் சுற்றினால் 8 செ.மீ., ரோப் 5 மி.மீ.

ஈரோடு பட்டறை:
அப்படியானால் நான்கு அடுக்கு. இந்த மாதிரி வின்ச்சில் பெட்டியில் போட்டிருக்கும் எடை வெறும் டிரம்மை ஒட்டிய முதல் அடுக்குக்கு மட்டும்தான். 750 பவுண்டு என்பது 340 கிலோ. டிரில் தருகிற முறுக்கு விசை மாறுவதில்லை, ஆனால் ரோப் ஏற ஏற டிரம் தடிக்கிறது, இழுவை குறைகிறது. ரோப்பின் மையத்திலிருந்து கணக்கிட்டால் முதல் அடுக்கின் குறுக்களவு 4.5 செ.மீ., நான்காவது அடுக்கு 7.5 செ.மீ. 340 கிலோவை இந்த விகிதத்தில் குறைத்தால் 204 கிலோ. மூன்றாவது அடுக்கில் 235 கிலோ.

சரி, துண்டுக்கு எவ்வளவு வேண்டும்? பச்சைத் தென்னந்துண்டை ஏறக்குறைய தண்ணீர் எடைக்கே கணக்கு வைக்கலாம். ஓரடி குறுக்களவு, 12 அடி நீளம் என்றால் 250 கிலோ வரும். உங்கள் சரிவில், மண்ணில் உராய்ந்துகொண்டு வர ஏறக்குறைய 220 கிலோ இழுவை கேட்கும். மூன்றாவது அடுக்கு தாக்குப்பிடிக்கும், நான்காவது தாங்காது. 40 அடி ரோப்பில் நான்காவது அடுக்குக்கு மட்டும் 12 அடி போகும். நீங்கள் சொன்ன 12 அடி அதுதான். வின்ச்சில் கோளாறு இல்லை, டிரில்லும் நல்ல டிரில்தான்.

ஆகவே வின்ச்சை மேட்டு விளிம்பில் கட்டாமல் இன்னும் 15 அடி பின்னால் உள்ள மரத்தில் கட்டுங்கள். துண்டு தடத்துக்கு வந்து சேரும்போதும் 12 அடிக்கு மேல் ரோப் வெளியே இருக்க வேண்டும். டிரம்மில் எப்போதும் குறைந்தது 5 சுற்று மிச்சம் வையுங்கள், இல்லையென்றால் ரோப்பின் முனை கழன்று வரும். இதெல்லாம் போக ஒரே இழுப்பில் 25 அடிதான் கிடைக்கும், உங்களுக்கு 30 வேண்டும். அதனால் முதல் கட்டத்தில் துண்டுக்கும் கொக்கிக்கும் இடையே நீளமான பெல்ட் ஸ்லிங் (பளு இழுக்கும் பட்டை) போட்டு இழுங்கள். பாதி வந்ததும் துண்டின் பின்னால் கட்டை ஆப்பு வைத்து நிறுத்தி, ஸ்லிங்கை எடுத்துவிட்டு நேரடியாக மாட்டுங்கள்.

தூத்துக்குடி ரிக்கர்:
பட்டறை அண்ணன் கணக்கு சரி. நான் கூடவே ஒரு பக்கம் திறக்கும் கப்பி, அதாவது ஸ்னாட்ச் பிளாக் ஒன்று வாங்கச் சொல்வேன். அதைத் துண்டில் மாட்டி, ரோப்பை அதன் வழியே திருப்பி, முனையை வின்ச் கட்டிய மரத்துக்குப் பக்கத்து மரத்தில் கட்டுங்கள். 220 கிலோ இரண்டு கயிற்றுக்குப் பிரிந்து, கப்பியின் உராய்வையும் சேர்த்து ரோப்பில் 120 கிலோவுக்குள் நின்றுவிடும். வேகம் பாதியாகும், 40 அடி ரோப்பில் 19 அடிதான் நகரும், ஆனால் நான்காவது அடுக்கிலும் டிரில் முனகாது. இரண்டு மரமும் நெருக்கமாக இருக்கட்டும், அகன்றால் பலன் குறையும். தயவுசெய்து கிணற்றுக் கப்பியை எடுத்துப் போய் மாட்டாதீர்கள். அது குடத்துக்குச் செய்தது. பிளாக்கிலும் அதை மாட்டும் ஷேக்கிளிலும் (இரும்பு வளையப் பூட்டு) தாங்கும் எடை பொறித்திருக்க வேண்டும்.

அடுத்து துண்டின் மூக்கு. முன்முனை மண்ணைக் குத்தினால் நீங்கள் இழுப்பது மரத்தை அல்ல, தோப்பு மண்ணை. அரிவாளாலோ செயின் ரம்பத்தாலோ அடிவிளிம்பைச் சாய்வாகச் சீவிவிடுங்கள். ஒரு தகரத்தை வளைத்து மூக்குக்கு அடியில் கட்டினால் இன்னும் நல்லது. சுருக்கை முனையிலிருந்து ஓரடி உள்ளே தள்ளி, கயிறு மேல்பக்கமாக வரும்படி போட்டால் மூக்கு சற்றுத் தூக்கிக்கொண்டு வரும்.

ரோப் இறுகியிருக்கும்போது அதன் நேர்க்கோட்டில் ஆள் நிற்கக் கூடாது. அறுந்த கம்பி ரோப் எந்தப் பக்கம் வீசும் என்று யாராலும் சொல்ல முடியாது. நடுவில் கனமான ஈரச் சாக்கு ஒன்றைப் போட்டு வையுங்கள். சரிவில் துண்டுக்குக் கீழே குழந்தையோ நாயோகூட இருக்கக் கூடாது. டிரில்லுக்குப் பக்கக் கைப்பிடி போட்டே பிடியுங்கள், வின்ச் அடைத்துக்கொண்டால் மணிக்கட்டு திருகிவிடும்.

பேராவூரணி தென்னை:
கட்டுகிற மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தென்னைக்கு மற்ற மரங்களைப் போல பட்டை வளர்ந்து காயத்தை மூடிக்கொள்ளும் குணம் கிடையாது. கம்பி ரோப்பை நேரடியாகச் சுற்றினால் அந்த வெட்டு சாகும்வரை அப்படியே இருக்கும், வண்டும் பூஞ்சையும் அந்த வழியே போகும். அகலமான பெல்ட், அதற்கடியில் சாக்கு, தரையை ஒட்டிக் கட்டு. நோய் வந்த தோப்பில் நல்லபடியாக நிற்கிற மரங்களைக் காப்பாற்றியாக வேண்டும்.

உடுமலை விவசாயி:
இடையில் கேட்கிறேன், இதே வின்ச்சால் போர்வெல் மோட்டாரை மேலே எடுக்கலாமா?

தூத்துக்குடி ரிக்கர்:
வேண்டாம். 40 மி.மீ. உள்விட்டக் குழாயில் 100 மீட்டர் தண்ணீர் நின்றால் தண்ணீர் மட்டுமே 125 கிலோ. குழாய், கேபிள், மோட்டார் எல்லாம் அதற்கு மேல். எடையை விடுங்கள், இது தரையில் இழுக்கச் செய்த கருவி. தூக்குவதற்குச் செய்ததில்லை. பிரேக் நழுவினால் மோட்டார் குழிக்குள் போகும், பக்கத்தில் இருப்பவர் கையையும் சேர்த்துக்கொண்டு போகும். முக்காலியும் செயின் பிளாக்கும் (சங்கிலியால் பளு தூக்கும் கருவி) வைத்திருப்பவரைக் கூப்பிடுங்கள்.

ஆனைமலைத் தோப்பு:
எல்லோருக்கும் நன்றி. வின்ச்சைப் பின்னால் தள்ளிக் கட்டினோம், ஸ்னாட்ச் பிளாக் போட்டோம், மூக்கைச் சீவினோம். மெதுவாகத்தான் ஏறுகிறது, ஆனால் எங்கேயும் நிற்கவில்லை. ஒரு துண்டு ஏறி முடிந்ததும் டிரில்லைத் தொட்டால் வெதுவெதுப்பாக மட்டும் இருக்கிறது. இன்னொன்று: ரோப்பின் அடி அடுக்கு சில இடங்களில் நசுங்கி, மேல் அடுக்கு இடையில் புதைந்திருக்கிறது. தொடர்ந்து ஓட்டலாமா?

ஈரோடு பட்டறை:
அடி அடுக்கு தளர்வாக இருந்தால் மேல் அடுக்கு பிளந்துகொண்டு உள்ளே இறங்கும். அந்த 5 சுற்று தவிர மற்றதை முழுதும் வெளியே இழுத்து, ஒரு லாரி டயர் அளவு பளுவை மாட்டி, பக்கத்துக்குப் பக்கம் நெருங்க மறுபடி சுற்றுங்கள். தோல் கையுறை கட்டாயம். ரோப் நேராக வெளியே கிடக்கும்போது ஒரு துணியால் பிடித்து நீளம் முழுக்க உருவிப் பாருங்கள். துணியில் கம்பி இழை சிக்கினாலோ, நசுங்கிய இடம் வட்டமாகத் திரும்பாமல் தட்டையாகவே இருந்தாலோ அந்த ரோப்பை மாற்றிவிட்டு மீதித் துண்டுகளை இழுங்கள்.