√−1-ஐச் சேர்த்துக்கொண்ட கணிதம் 1/0-ஐ மட்டும் ஏன் ஒதுக்குகிறது?

கேள்வி (விகிதமுறா):
6 ÷ 0-க்கு விடை இருந்தால், அதை 0-ஆல் பெருக்கும்போது 6 வரணும். அப்படி ஓர் எண் இல்லை. இதுவரைக்கும் புரியுது. ஆனால் வர்க்கம் −1 ஆகிற எண்ணும் ஒரு காலத்தில் இல்லைதானே? அதற்கு ஒரு குறியீடு கொடுத்துக் கலப்பெண்களை உருவாக்கினார்கள். 1/0-க்கும் அதேபோல ஓர் எழுத்து கொடுத்தால் என்ன கெட்டுப்போகும்? இன்னொரு சந்தேகம்: நிரல்மொழிகளில் பைத்தானில் 1/0 பிழை காட்டுது, ஜாவாஸ்கிரிப்ட் முடிவிலி என்குது. எது சரி?

பதில் (எண்கோலம்):
நல்ல கேள்வி. சேர்த்தே பார்ப்போம். 1/0 = வ என்று வையுங்கள். வகுத்தலின் பொருள்படி 0 × வ = 1. இனிமேல் பழைய விதிகள் மட்டும்தான்:

0 × வ = (0 + 0) × வ
0 × வ = 0 × வ + 0 × வ (பங்கீட்டுப் பண்பு)
1 = 1 + 1

இரு பக்கமும் 1-ஐக் கழித்தால் 0 = 1. இதை எந்த எண்ணால் பெருக்கினாலும் அந்த எண் 0 ஆகிவிடும். மிஞ்சுவது பூஜ்ஜியம் மட்டுமே உள்ள எண் தொகுதி.

√−1 வந்தபோது கூட்டல், பெருக்கல், பங்கீட்டுப் பண்பு எதுவும் உடையவில்லை. இந்தச் செயல்களோடு ஒத்துப்போகும் பெரியது–சிறியது வரிசை மட்டும் போனது. அந்த விலைக்கு எல்லாப் பல்லுறுப்புக்கோவைச் சமன்பாட்டுக்கும் மூலம் கிடைத்தது.

விதியைத் தளர்த்தினால் 1/0-க்கும் இடமுண்டு. ரீமான் கோளத்தில் கலப்பெண் தளத்தோடு ஒரே ஒரு முடிவிலிப் புள்ளியைச் சேர்த்து 1/0 = ∞ என்றே எழுதுகிறார்கள். ஆனால் 0 × ∞, ∞ − ∞, 0/0 மூன்றும் அங்கேயும் வரையறுக்கப்படவில்லை. மேலே உள்ள மூன்று வரிகள் அங்கே நுழைய முடியாததற்குக் காரணம் அதுதான்.

பதில் (தொடுகோடு):
மெய்யெண்களில் இன்னொரு சிக்கல். 1/0.001 = 1000, 1/(−0.001) = −1000. வலமிருந்து வந்தால் மேலே, இடமிருந்து வந்தால் கீழே. எந்த முடிவிலியை வைப்பது? 0/0 இன்னும் மோசம்: ப பூஜ்ஜியத்தை நெருங்கும்போது 2ப/ப 2-லேயே நிற்கும், ப²/ப 0-க்குப் போகும், சைன் ப/ப (ரேடியனில்) 1-க்குப் போகும்.

தேர்வில் இது மறைந்து வரும். ப² = 5ப என்ற சமன்பாட்டை ப-ஆல் வகுத்தால் ப = 5 மட்டும் கிடைக்கும்; ப = 0 என்ற மூலம் தொலைந்துவிடும். ப(ப − 5) = 0 என்று காரணிப்படுத்துங்கள். 1 = 2 என்று ‘நிரூபிக்கிற’ கணக்குகளில் பெரும்பாலும் அ = ஆ என்று தொடங்கி, நடுவில் (அ − ஆ)-ஆல், அதாவது பூஜ்ஜியத்தால், வகுத்திருப்பார்கள்.

பதில் (எண்கோலம்):
வரலாற்றிலும் இந்தத் தடுமாற்றம் உண்டு. பிரம்மகுப்தர் 628-இல் 0/0 = 0 என்றார். 9-ஆம் நூற்றாண்டில் மகாவீரர் பூஜ்ஜியத்தால் வகுத்தால் எண் மாறாது என்றார். 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர் அதை முடிவற்ற அளவு என்றார். அவர் சொன்னது எல்லை மதிப்பின் (ஓர் அளவு எதை நெருங்குகிறது என்பதன்) வாசல்வரை வந்த சிந்தனை. ஆனால் 3/0, 7/0 இரண்டும் ஒரே அளவு என்று எடுத்து 0-ஆல் பெருக்கினால் 3 = 7 ஆகிவிடும்.

பதில் (மிதவைப்புள்ளி):
நிரல் பக்கம் நான் சொல்கிறேன். இரண்டு மொழியும் சரிதான், தீர்மானம்தான் வேறு. 1985-இல் வந்த ஐஇஇஇ 754 என்ற கணினிக் கணக்கீட்டுத் தரப்படி மிதவைப்புள்ளி எண்ணில் (கணினி தசம எண்களைச் சேமிக்கும் வடிவம்) 1/0 = +∞, 1/(−0) = −∞, 0/0 = ‘எண்ணல்ல’ என்ற தனி மதிப்பு. ஜாவாஸ்கிரிப்ட் இதை அப்படியே தருகிறது. பைத்தான் வேலையை நிறுத்திப் பிழை எழுப்புகிறது. ‘எண்ணல்ல’ தனக்கே சமம் ஆகாது. அதனால் சமக்குறி போட்டு அதைப் பிடிக்க முடியாது, அதற்கான சோதனைச் சார்பைத்தான் அழைக்கணும்.

1997 செப்டம்பரில் அமெரிக்கப் போர்க்கப்பல் யார்க்டவுனில் ஒரு தரவுப் புலத்தில் பூஜ்ஜியம் உள்ளிடப்பட்டு, அதனால் கணினிகள் முடங்கி, உந்துவிசையே நின்றுபோனது. உள்ளீட்டு இடத்திலேயே சோதியுங்கள்.

பூஜ்ஜியமா என்று மட்டும் பார்த்தாலும் போதாது. 0.1 + 0.2 − 0.3 கணினியில் பூஜ்ஜியமாக வராது, சுமார் 5.55 × 10⁻¹⁷ வரும். அதால் 1-ஐ வகுத்தால் பிழையே இல்லாமல் 18014398509481984 என்று விடை வந்து நிற்கும். உங்கள் அளவுகளுக்கு ஏற்ற ஒரு குறைந்தபட்ச எல்லை வைத்து, வகுஎண்ணின் மட்டு மதிப்பு அதற்குக் கீழே போனால் வகுக்காமல் விடுங்கள்.