அப்பாவின் பழைய கடனில் பிபிஐ: 2019 கெடு போன பிறகும் கேட்க வழி இருக்கிறதா?

பனங்கீற்று:

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் வீட்டை விற்கப் போகிறோம், அதனால் போன கிழமை லொஃப்டில் கிடந்த பெட்டிகளை எல்லாம் இறக்கினோம். அதில் 2006இல் அப்பா எடுத்த கடனின் ஒப்பந்தம் அப்படியே இருந்தது. கடன் 9,000 பவுண்ஸ். அதற்குக் கீழே இன்னொரு வரி, "பேமென்ட் புரொடெக்ஷன்", 1,940 பவுண்ஸ். அதுதான் பிபிஐ, வேலை போனாலோ நோய் வந்தாலோ கடன் தவணையைக் கட்டும் காப்புறுதி. அதையும் கடனோடு கூட்டி 10,940 என்று போட்டு முழுத் தொகைக்கும் ஐந்து வருட வட்டி. அப்பா ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டி 2011இல் முடித்திருக்கிறார்.

அந்த நேரம் அவர் மினிகேப் ஓட்டிக்கொண்டிருந்தார், சொந்தத் தொழில். வேலை போனால் காப்புறுதி கட்டும் என்று தாளில் இருக்கிறது, அவரை யார் வேலையால் நிறுத்துவது? கேட்டேன். "இதையும் சேர்த்துப் போட்டால்தான் கடன் பாஸாகும் எண்டு அந்தப் பிள்ளை சொன்னது, காட்டின இடத்தில எல்லாம் கையெழுத்து வைச்சன்" என்கிறார். அவருக்கு அப்போது ஆங்கிலம் பேச வரும், வாசித்து விளங்குவது கஷ்டம். அந்த 1,940க்காக அவர் எத்தனை இரவு கூடுதலாக ஓடியிருப்பார் என்று நினைத்தால் எனக்கு நித்திரை வரவில்லை.

இப்போது விஷயம் என்னவென்றால், ஒரு நிறுவனம் அப்பாவுக்கு ஃபோன் எடுத்து, உங்களுக்கு இன்னும் பிபிஐ பணம் வரவேண்டி இருக்கிறது, ஃபோர்மில் கையெழுத்துப் போடுங்கள், கிடைப்பதில் 40 சதவீதம் எங்களுக்கு என்று சொல்லியிருக்கிறது. 2019இலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன். இது உண்மையா, ஏமாற்றா? நாங்களே ஏதாவது செய்ய முடியுமா?

கரிசல்மண்:

முதலில் ஒன்று, அப்பா எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். ஃபோனில் பிறந்த தேதி, வங்கிக் கணக்கு எண் எதுவும் சொல்ல வேண்டாம். முன்பணம் கேட்டால் அது ஏமாற்றுதான், யோசிக்கவே வேண்டாம்.

நீங்கள் நினைத்ததும் பாதி சரி. வங்கிக்கு நேராகப் புகார் எழுதி, அவர்கள் மறுத்தால் நிதிப் புகார்களை நடுநிலையாக விசாரிக்கும் ஓம்புட்ஸ்மனிடம் இலவசமாகப் போகும் வழி 2019 ஆகஸ்ட் 29ஆம் தேதியோடு மூடிவிட்டது. டிவியில் ஆர்னால்ட் ஸ்வார்ஸ்நெகரின் தலை உருண்டு வந்து "முடிவெடுங்கள்" என்று கத்துமே, அந்த விளம்பரம் இந்தக் கெடுவுக்காக பிரிட்டனின் நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் எஃப்.சி.ஏ. போட்டதுதான். கடும் நோய் மாதிரி விதிவிலக்கான காரணத்தால் அந்தத் தேதிக்குள் எழுத முடியாமல் போனது என்று காட்டினால் தாமதமான புகாரையும் எடுக்கலாம், ஆனால் "எனக்குத் தெரியாது" என்பது அந்தக் காரணங்களில் வராது. கடன் கொடுத்த நிறுவனமே மூழ்கிப் போயிருந்தால் அது வேறு கதை, அதற்கு எஃப்.எஸ்.சி.எஸ். என்ற இழப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, அந்த 2019 கெடு அதற்குப் பொருந்தாது. எனவே கொடுத்த நிறுவனம் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள்.

மீதி இருப்பது நீதிமன்றம் ஒன்றுதான். அதைத்தான் அந்த 40 சதவீதக்காரர்கள் குறிவைக்கிறார்கள் என்று நினைக்கிறேன். 2018 ஜூலையில் இருந்து பிபிஐ புகாரை நடத்திக் கொடுக்கும் நிறுவனங்கள் 20 சதவீதமும் அதன்மேல் வாட் (VAT) வரியும் தவிர வாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. 40 எதற்கு, வழக்குத் தோற்றால் எதிர்த்தரப்புச் செலவு யார் தலையில் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராமல் போனாலும் அதுவும் ஒரு பதில்தான்.

வானதி ம:

பனங்கீற்று, உங்கள் அப்பா சொன்னதை வாசித்ததும் என் அம்மாவின் ஞாபகம் வந்துவிட்டது. நான் 2013இல் அம்மாவுக்காகக் கேட்டு வாங்கினேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

அம்மா கேர் ஹோமில் வேலை பார்த்தார். நிரந்தர வேலை, நோய் வந்தால் ஆறு மாதம் முழுச் சம்பளம். அதோடு அவருக்கு முதுகு வலி பல வருடமாக உண்டு, ஜி.பி. டாக்டரின் பதிவிலேயே இருக்கிறது. அவருடைய கிரெடிட் கார்டில் மாதாமாதம் நூறு பவுண்டு பாக்கிக்கு இத்தனை பென்ஸ் என்று காப்பீட்டுப் பணம் போய்க்கொண்டே இருந்தது, ஏழு வருடம். முன்பே இருந்த நோய்க்கு அந்தப் பாலிசி ஒரு பென்னி தராது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. கேட்கவும் இல்லை. ஸ்டேட்மென்டில் அது "பேமென்ட் கவர்" என்று இருந்தது, அம்மா அதை கார்டுக்கான கட்டணம் என்றே நினைத்திருந்தார்.

நான் வழக்கறிஞர் பாஷையில் எதுவும் எழுதவில்லை. ஓம்புட்ஸ்மன் தளத்தில் அப்போது கேள்வித்தாள் ஒன்று இருந்தது: எங்கே விற்றார்கள், யார் பேசினார்கள், கட்டாயம் என்றார்களா, அப்போது என்ன வேலை, சிக் பே உண்டா, உடம்புக்கு என்ன. அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டு அவர் சொன்னதையே எழுதினேன், ஞாபகம் இல்லாததற்கு ஞாபகம் இல்லை என்றே போட்டேன். வங்கி எட்டு வாரம் கிட்டத்தட்ட முழுதாக எடுத்துக்கொண்டு, "நாங்கள் எல்லாவற்றையும் தெளிவாக விளக்கினோம்" என்று இரண்டு பக்கக் கடிதம் அனுப்பியது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "விடு, அவர்கள் பெரிய ஆட்கள்" என்றார். விடவில்லை. இறுதிப் பதில் வந்ததில் இருந்து ஆறு மாதத்துக்குள் ஓம்புட்ஸ்மனுக்கு அனுப்பலாம், அனுப்பினேன். ஒரு வருடத்துக்கு மேல் ஆனது, அந்த நாட்களில் அங்கே பிபிஐ கோப்புகள் மலை மாதிரி. கடைசியில் அம்மா பக்கம் தீர்ப்பு. கட்டிய பிரீமியம், அதன்மேல் கார்டில் ஏறிய வட்டி, அதற்கும் மேல் வருடத்துக்கு 8 சதவீதம் தனி வட்டி, எல்லாம் சேர்ந்து வந்தது.

யாருக்கும் ஒரு பென்னி கமிஷன் கொடுக்கவில்லை. நாங்கள் செய்ததைத்தான் அந்த நிறுவனங்களும் செய்தன, அதே கேள்வித்தாளை நிரப்பி அதே முகவரிக்கு அனுப்பின. நம் ஆட்கள் எத்தனை பேர் கூச்சத்தில் அதற்குக் கால்பங்கு பணத்தைக் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

உங்களிடம் ஒரு கேள்வி. அப்பா முன்பு எப்போதாவது முறைப்பாடு செய்தாரா? நன்றாகக் கேளுங்கள்.

பனங்கீற்று:

வானதி அக்கா, நல்ல வேளை கேட்டீர்கள். திரும்பவும் கிண்டினோம். 2012இல் அப்பாவின் நண்பர் ஒருவர் எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார், அதற்கு "மறுக்கப்பட்டது" என்று ஒரு கடிதம். அதோடு விட்டுவிட்டார்கள், ஓம்புட்ஸ்மன் என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஆனால் அதே உறைக்குள் 2018ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றும் இருக்கிறது. கமிஷன் பற்றி ஏதோ சொல்கிறது, பதில் போடச் சொல்கிறது. அப்பா அதை விளம்பரம் என்று நினைத்துப் பதில் போடவில்லை. இது என்ன?

நெடுவழி:

அது பிளெவின் கடிதம். இந்தத் திரியில் மிக முக்கியமான தாள் அதுதான், பத்திரமாக வையுங்கள்.

பின்னணியைச் சொல்லாமல் விளங்காது. 2011 வரை வங்கிகள் பிபிஐ விதிகளை எதிர்த்தே நின்றன, உயர் நீதிமன்றத்துக்குப் போய் அந்த ஏப்ரலில் தோற்றன. மே மாதம் மேல்முறையீட்டைக் கைவிட்டன, லாயிட்ஸ் மட்டுமே 320 கோடி பவுண்டு ஒதுக்கியது. அதற்குப் பிறகுதான் புகார்கள் ஆறாகப் பாய்ந்தன. 2011இல் இருந்து 2019 முடிவு வரை திருப்பிக் கொடுத்தது 3,800 கோடி பவுண்டுக்கு மேல். இதுவரை எல்லாம் "தவறாக விற்றார்கள்" என்ற வாதம்: கட்டாயம் என்றார்கள், பொருந்தாததை விற்றார்கள், அந்த மாதிரி.

2014 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வேறு கதவைத் திறந்தது. திருமதி பிளெவின் என்பவர் 34,000 பவுண்டு கடனோடு 5,780 பவுண்டுக்கு பிபிஐ வாங்கியிருந்தார். அதில் 71.8 சதவீதம் கமிஷனாகவே போனது, காப்பீட்டுக்காரருக்குப் போனது மிச்சம்தான். இதை அவரிடம் சொல்லவே இல்லை. இவ்வளவு பெரிய கமிஷனை மறைத்தால் அந்தக் கடன் உறவே நியாயமற்றது என்று நீதிமன்றம் சொன்னது, 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 140ஏ பிரிவின்படி. விற்ற ஆள் எவ்வளவு மரியாதையாகப் பேசினார் என்பதெல்லாம் இதில் கணக்கே இல்லை. அப்புறம் எஃப்.சி.ஏ. ஒரு விதி போட்டது: கமிஷன் 50 சதவீதத்துக்கு மேல் என்றால், மேலே உள்ள பங்கை வட்டியோடு திருப்பித் தர வேண்டும். முன்பு மறுக்கப்பட்டவர்களில் இதற்குத் தகுதியானவர்களுக்கு வங்கிகளே கடிதம் அனுப்ப வேண்டும் என்றும் சொன்னது. உங்கள் அப்பாவுக்கு வந்தது அதுதான்.

இப்போது வழக்குப் போடலாமா? 2023இல் உச்ச நீதிமன்றத்தில் இரண்டு தீர்ப்புகள். அக்டோபரில் ஸ்மித் வழக்கு: பிபிஐ எப்போதோ நின்றிருந்தாலும் கடன் உறவு முடிந்த நாளில் இருந்துதான் ஆறு வருடக் கணக்கு. உங்கள் கடன் 2011இல் முடிந்தது, ஆக 2017லேயே அந்தக் கணக்கு தீர்ந்தது, இது உதவாது. நவம்பரில் பாட்டர் வழக்கு: அவர் கடன் எடுத்ததும் 2006, முடித்தது 2010, கமிஷன் 95 சதவீதத்துக்கு மேல், வழக்குப் போட்டது 2018 டிசம்பரில். வங்கி வேண்டுமென்றே மறைத்தது, எனவே அவர் கண்டுபிடித்த நாளில் இருந்தோ, நியாயமான முயற்சி எடுத்திருந்தால் கண்டுபிடித்திருக்கக்கூடிய நாளில் இருந்தோதான் ஆறு வருடம் என்று தீர்ப்பு. உங்கள் கதைக்கு நெருக்கமானது இதுதான்.

ஆனால் சிக்கலும் இங்கேதான். 2018இல் கடிதம் கைக்கு வந்துவிட்டதே, அன்றே தெரிந்திருக்க வேண்டும் என்று வங்கி வாதாடும். அன்றில் இருந்து ஆறு வருடம் என்றால் 2024. கடிதத்தில் கமிஷன் சதவீதம் எழுதியிருக்கிறதா, இல்லை, வெறுமனே "உங்களுக்குப் பணம் வரலாம்" என்றுதான் இருக்கிறதா? வாதம் முழுக்க அந்த ஒரு வரியில் நிற்கும். அந்த 40 சதவீத நிறுவனத்திடம் இந்தக் கடிதத்தைக் காட்டினால் ஒருவேளை ஆர்வமே போய்விடும்.

இங்கிலாந்து, வேல்ஸில் 10,000 பவுண்டுக்குள் என்றால் பொதுவாக சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸில் போகும், தோற்றாலும் பெரும்பாலும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் செலவு தலையில் விழாது, ஆனால் நீதிமன்றக் கட்டணம் போய்விடும். கமிஷன் மட்டும் கிடைக்குமா பிரீமியமே கிடைக்குமா என்பது நீதிபதி கையில். உங்கள் இடத்தில் நான் இருந்தால் வழக்குக்கு முன் சிட்டிசன்ஸ் அட்வைஸிலோ இலவச ஆலோசனை தரும் லா சென்டரிலோ அந்தக் கடிதத்தைக் காட்டிவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பேன். நம்பிக்கை தருவதற்காகப் பொய் சொல்ல மாட்டேன், இது சுலபமான வழக்கு இல்லை.

கரிசல்மண்:

நெடுவழி சொன்னதோடு ஒன்று. வழக்கோ இல்லையோ, வங்கிக்கு சப்ஜெக்ட் ஆக்சஸ் ரிக்வெஸ்ட், அதாவது ஒருவர் தன்னைப் பற்றிய பதிவுகளைக் கேட்கும் கடிதம், எழுதுங்கள். 2018 மே மாதத்தில் இருந்து அது இலவசம், பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். அப்பாவைப் பற்றி வைத்திருக்கும் எல்லாம் வேண்டும், பிபிஐ கமிஷன் எவ்வளவு என்பதும் வேண்டும் என்று எழுதுங்கள். கணக்கு மூடி ஆறு வருடத்துக்குப் பிறகு பல இடங்களில் அழித்துவிடுவார்கள், ஆனால் 2012லும் 2018லும் உங்களோடு கடிதப் போக்குவரத்து இருந்திருக்கிறது, அதனால் ஏதாவது மிஞ்சியிருக்கலாம்.

பணம் வந்தால் அந்த 8 சதவீத வட்டிக்கு மட்டும் 20 சதவீதம் வரி பிடித்துத்தான் தருவார்கள். அப்பா வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவர் என்றால் ஆர்40 படிவத்தில் திரும்பக் கேட்கலாம், நான்கு வருடம் வரைதான் பின்னோக்கிப் போக முடியும். அதற்கும் ஒரு நிறுவனம் பங்கு கேட்டு வரும், கொடுக்காதீர்கள்.

பனங்கீற்று:

எல்லோருக்கும் நன்றி. கடிதத்தை இப்போது அப்பாவோடு இருந்து வரிவரியாக வாசித்தேன். சதவீதம் எதுவும் இல்லை, "கமிஷன் அதிகமாக இருந்திருக்கலாம்" என்ற அளவில்தான் இருக்கிறது. நெடுவழி அண்ணா, அதைப் பிரதி எடுத்து, வரும் புதன் ஆலோசனைக்கு நேரம் பதிந்திருக்கிறேன். அந்த நிறுவனத்துக்கு வேண்டாம் என்று சொல்லியாயிற்று, அப்பாவே சொன்னார். 2012இல் மறுத்த கடிதத்தை நான் வாசித்துக் காட்டியபோது அவர் ஒன்றும் பேசவில்லை, பிறகு, "அப்ப நான் சொன்னது பிழையில்லைத்தானே" என்று கேட்டார். பிழையில்லை அப்பா என்றேன். காசு வருகிறதோ இல்லையோ, அவருக்கு அது தேவைப்பட்டிருக்கிறது.

ரிக்வெஸ்ட் கடிதம் இன்று இரவு எழுதுகிறேன்.

வானதி ம:

அதில் அப்பா 2006இல் இருந்த முகவரியையும் இடையில் மாறிய முகவரிகளையும் மறக்காமல் போடுங்கள், கடன் கணக்கு எண் ஒப்பந்தத்தின் மேல் மூலையில் இருக்கும். அம்மாவுடையதை முதல் தடவை "கணக்கே இல்லை" என்று திருப்பி அனுப்பினார்கள், பழைய முகவரியைச் சேர்த்து அனுப்பியதும் கிடைத்தது. ரெக்கார்டட் டெலிவரியில் போட்டு ரசீதை அதே உறைக்குள் வையுங்கள். புதன் என்ன சொன்னார்கள் என்று வந்து எழுதுங்கள்.