போலோ ஜிடி டிஎஸ்ஐ: ரீமேப் செய்த பிறகும் புகை டெஸ்ட் நேர்மையாகப் பாஸ் ஆகுமா?

திருப்பூர்_ஜிடி:

வணக்கம். என்னிடம் இருப்பது 2016 மாடல் போலோ ஜிடி டிஎஸ்ஐ, 1.2 டர்போ பெட்ரோல், டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். 78,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அவிநாசி ரோட்டில் குறை ஒன்றும் இல்லை. கோத்தகிரி ஏற்றத்தில் நாலு பேரோடு ஏசி போட்டு லாரியைத் தாண்டும்போதுதான் இன்னும் கொஞ்சம் பிக்கப் இருந்தால் தேவலை என்று தோன்றுகிறது.

விசாரித்த ஒரு கடையில் ஸ்டேஜ் 2 சொல்கிறார்கள்: ரீமேப் (என்ஜின் கம்ப்யூட்டரின் சாஃப்ட்வேரை மாற்றி எழுதுவது), கேட் (புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டர்) இல்லாத டவுன்பைப் (டர்போவிலிருந்து புகையைக் கொண்டுபோகும் குழாய்), கோன் ஏர் ஃபில்டர் (பெட்டி இல்லாத திறந்த ஃபில்டர்). "பியூசி (புகை டெஸ்ட்) சர்டிபிகேட் நாங்களே வாங்கித் தந்துவிடுவோம், கவலைப்படாதீர்கள்" என்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. மிஷினில் குழலை வைத்து, உண்மையிலேயே பாஸ் ஆக வேண்டும். அப்படி எவ்வளவு தூரம் போகலாம்?

வேகம்98:

ப்ரோ, ரொம்ப யோசிக்காதீங்க. கேட்டைத் தூக்கிவிட்டுப் பின்னாடி ஆக்சிஜன் சென்சாருக்கு ஒரு ஸ்பேசர் போட்டால் என்ஜின் லைட்டே வராது. லைட் வரவில்லை என்றால் பாஸ்தான். சவுண்டும் செமையா இருக்கும்.

பழைய_ஸ்பானர்:

தம்பி வேகம்98, லைட் வராது என்பது சரி. ஆனால் புகை டெஸ்ட் மிஷின் உங்கள் டேஷ்போர்டைப் பார்ப்பதில்லை, சைலென்சருக்குள்தான் பார்க்கிறது. ஸ்பேசர் செய்வது சென்சாரின் கண்ணைக் கட்டுவது மட்டும். வெளியே வரும் வாயு அப்படியேதான் இருக்கும்.

திருப்பூர் தம்பிக்கு வருகிறேன். கோவையில் பெட்ரோல் டர்போ வண்டிகளோடுதான் என் பிழைப்பு. நீங்கள் கேட்டது நடக்கும். ஆனால் டெஸ்ட் எதைப் பார்க்கிறது என்று தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

உங்கள் வண்டி பிஎஸ்4 புகை விதியில் வருவது. வண்டியை நிற்க வைத்து இரண்டு இடத்தில் அளப்பார்கள். ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம்முக்குள் இருக்க வேண்டும். அப்புறம் ஆக்சிலேட்டரை 2,500 ஆர்பிஎம் பக்கத்தில் பிடித்து, கார்பன் மோனாக்சைடு 0.2-க்குள், லேம்ப்டா (காற்று-பெட்ரோல் கலவையின் அளவு, 1 என்றால் கச்சிதம்) 0.97-லிருந்து 1.03-க்குள் வர வேண்டும். அவ்வளவுதான். லோடு கிடையாது, ஃபுல் த்ராட்டில் கிடையாது.

ரீமேப்பில் பவர் எங்கிருந்து வருகிறது? லோடில் டர்போ பூஸ்ட்டை ஏற்றுவதிலும் இக்னிஷன் டைமிங்கை மாற்றுவதிலும்தான். ஐடிலையும் பாதி த்ராட்டிலையும் ஈசியு (என்ஜின் கம்ப்யூட்டர்) சென்சாரைப் பார்த்துப் பார்த்து லேம்ப்டா 1-லேயே வைத்திருக்கும். நல்ல டியூனர் அந்தப் பகுதியைத் தொடவே மாட்டார். மிதித்து ஓட்டும்போது பெட்ரோல் கூடுதலாகப் போவது உண்மைதான். கம்பெனி மேப்பும் டர்போ சூடாகாமல் இருக்க அதைச் செய்கிறது. டெஸ்ட் அதைப் பிடிக்காது என்பதற்காக மேலும் மேலும் ஊற்றச் சொல்லாதீர்கள். லிட்டருக்குக் கொடுக்கும் காசு உங்களுடையது.

இப்போது கேட் விஷயம். லேம்ப்டா கச்சிதமாக 1-ல் நின்றாலும், என்ஜினை விட்டு வெளியே வரும் புகையில் கார்பன் மோனாக்சைடு அரை சதவீதத்தை ஒட்டி இருக்கும். அது எந்த டியூனராலும் துடைக்க முடியாத மிச்சம். அதை எரித்து 0.3-க்குக் கீழே கொண்டுவருவது கேட்டுக்குள் இருக்கும் பிளாட்டினமும் பல்லேடியமும் ரோடியமும்தான். அதனால் கேட் இல்லாத வண்டி நேர்மையாகப் பாஸ் ஆகும் என்று யாராவது சொன்னால், மிஷினைப் பார்க்காமல் சொல்கிறார் என்று அர்த்தம். இன்னொன்று: கழற்றும் கேட்டை உங்கள் கையில் திருப்பித் தருவார்களா என்று அந்தக் கடையில் கேட்டுப் பாருங்கள். அந்த உலோகங்களுக்குப் பழைய இரும்புக் கடையில் என்ன மதிப்பு என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

கம்பெனி கேட்டை அப்படியே வைத்துக்கொண்டு ஸ்டேஜ் 1, அதாவது பாகம் எதையும் மாற்றாமல் ரீமேப் மட்டும் செய்யுங்கள். உங்கள் என்ஜின் கம்பெனிக் கணக்கில் 105 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர். ஸ்டேஜ் 1-ல் 130 குதிரைத்திறன் பக்கம் பேசுவார்கள். டார்க்கில்தான் கவனம் வேண்டும். உங்களுடைய ஏழு கியர் உலர் கிளட்ச் டிஎஸ்ஜி தாங்குவது 250 நியூட்டன் மீட்டர். அந்தக் கோட்டை முட்டும் மேப் ஃபைலை வாங்காதீர்கள், 220 பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். ஏற்றத்தில் நீங்கள் தேடுவது நடு ஆர்பிஎம் இழுவை. அது 220-லேயே தாராளமாகக் கிடைக்கும்.

கோன் ஃபில்டர் வேண்டாம். பானெட்டுக்குள் கொதிக்கும் காற்றை அது உறிஞ்சும், நாக் சென்சார் (என்ஜின் தட்டலைக் கவனிப்பது) டைமிங்கைப் பின்னால் இழுக்கும். சித்திரை வெயிலில் காசு கொடுத்து பவரைக் குறைத்துக்கொண்ட கதை ஆகிவிடும். கம்பெனிப் பெட்டியில் புது பேப்பர் ஃபில்டர் போதும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. உங்களுடையது போன்ற டைரக்ட் இன்ஜெக்‌ஷன் என்ஜினில் பெட்ரோல் நேரே சிலிண்டருக்குள் போகிறது, இன்டேக் வால்வைக் கழுவ ஆளில்லை. 78,000-ல் வால்வின் முதுகில் தார் மாதிரி கரி படிந்திருக்க நிறைய வாய்ப்பு. அதனால் ஐடில் லேசாகத் தடுமாறும், மிஸ்ஃபயரில் எரியாத பெட்ரோல் வெளியேறி ஹைட்ரோகார்பன் ஏறும். ரீமேப்புக்கு முன் வால்வைச் சுத்தம் செய்து, பிளக் மாற்றி, காயில்களைப் பார்த்துவிடுங்கள். பாதிப் பேர் அதோடு "எனக்கு இதுவே போதும்" என்று திரும்பிப் போகிறார்கள். ஒரு ரீமேப் போகிறதே என்று எனக்குத்தான் வருத்தம்.

திருப்பூர்_ஜிடி:

ரொம்ப நன்றி அண்ணா. இரண்டு சந்தேகம். கேட் உள்ள ஸ்போர்ட்ஸ் டவுன்பைப் என்று விற்கிறார்களே, அது பாஸ் ஆகுமா? இன்னொன்று, இப்போது எல்லா பங்க்கிலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோல்தான். அது டெஸ்ட்டையோ மேப்பையோ பாதிக்குமா?

பழைய_ஸ்பானர்:

200 செல் (சதுர அங்குலத்துக்கு 200 துளை) ஸ்போர்ட்ஸ் கேட் நன்றாகச் சூடாக இருந்தால் பாஸ் ஆகும், சூடு குறைந்தால் தடுமாறும். கம்பெனி கேட்டில் துளைகள் நெருக்கம், வாயு உரசிப் போகும் பரப்பு அதிகம். இதில் துளை பெரிது, பரப்பு குறைவு. உங்கள் தேவைக்கு அந்தச் செலவு வீண் என்பது என் கருத்து.

மாட்டியே தீருவேன் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். புதிதாக டவுன்பைப் மாட்டிய வண்டி ஒன்று ஃபெயில் ஆகி என்னிடம் வந்தது. கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன் இரண்டும் அருமை, லேம்ப்டா மட்டும் 1.05. மேப் தப்பு என்று ஓனர் கொதித்துக்கொண்டிருந்தார். வண்டியை லிஃப்ட்டில் ஏற்றிப் பார்த்தால், குழாய் சேரும் ஃப்ளேஞ்ச் ஓரத்தில் விரல் அகலத்துக்குக் கரி பூத்திருந்தது. கேஸ்கெட் சரியாக உட்காரவில்லை. அந்த இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே இழுபட, மிஷின் அதையும் ஆக்சிஜனாகக் கணக்குப் போட்டுவிட்டது. புது கேஸ்கெட் வைத்து போல்ட்டை முறைப்படி இறுக்கியதும் லேம்ப்டா ஒன்றுக்கு வந்துவிட்டது. மேப்பில் ஒரு புள்ளியைக்கூடத் தொடவில்லை. காலையில் குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது அடியில் "டிக் டிக்" என்று கேட்டால் முதலில் இதைத்தான் பாருங்கள்.

ஈ20: எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் அதே காற்றுக்குப் பெட்ரோல் அதிகம் வேண்டும். ஈ10-லிருந்து ஈ20-க்கு ஏறக்குறைய 4 சதவீதம் கூடுதல். ஈசியு அதை ஃபியூயல் ட்ரிம்மில் தானே சரிசெய்யும், ஐடில் டெஸ்ட்டுக்கு ஆபத்தில்லை. ஃபுல் த்ராட்டிலில்தான் பிரச்சினை, அங்கே பழைய எரிபொருளுக்கு எழுதிய மேப் கொஞ்சம் லீனாக (பெட்ரோல் குறைவாக) போகலாம். அதனால் நீங்கள் தினமும் ஊற்றும் பெட்ரோலோடு வண்டியைக் கொடுத்து, அதிலேயே லாக் (ஓடும்போது சென்சார் அளவுகளின் பதிவு) எடுக்கச் சொல்லுங்கள். டியூனிங் அன்று மட்டும் 100 ஆக்டேன் ஊற்றிக் காட்டும் கணக்கு மறுநாள் உதவாது. உங்கள் வண்டி ஈ20-க்கு என்று செய்தது இல்லை, ரப்பர் ஹோஸ்களையும் அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள்.

பே_ஏரியா_தமிழன்:

அண்ணன் சொன்னதைப் படித்ததும் பொறாமையாக இருக்கிறது. நான் கலிஃபோர்னியாவில் இருக்கிறேன். இங்கே 2000 மாடலுக்குப் பிந்தைய பெட்ரோல் வண்டிகளுக்குச் சைலென்சரில் குழலே வைப்பதில்லை. ஓபிடி (கோளாறு பார்க்கும்) சாக்கெட்டில் சொருகி ஈசியுவையே விசாரிப்பார்கள். 2021 ஜூலையிலிருந்து ஈசியுவில் ஓடும் சாஃப்ட்வேர் கம்பெனியுடையதுதானா என்றும் பார்க்கிறார்கள். மாநில காற்று வாரியத்தின் அனுமதி எண் இல்லாத மேப் என்றால், புகை சுத்தமாக இருந்தாலும் ஃபெயில்தான். டெஸ்ட்டுக்கு முன்னால் கம்பெனி மேப்பைத் திருப்பி ஏற்றினாலும் உடனே போக முடியாது. மானிட்டர்கள் (ஈசியு தானே செய்துகொள்ளும் சோதனைகள்) எல்லாம் தயாராகும்வரை சில நாட்கள் ஓட்டிய பிறகுதான் வரிசையில் நிற்க வேண்டும்.

திருப்பூர்_ஜிடி:

அப்படியானால் நம் ஊரில் சட்டப்படி ரீமேப்புக்குத் தடை ஏதும் இல்லையா அண்ணா?

பழைய_ஸ்பானர்:

புகை டெஸ்ட்டில் பாஸ் ஆவது வேறு, சட்டம் வேறு. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி, ஆர்சியில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை அழுத்திச் சொல்லிவிட்டது. அனுமதி இல்லாமல் பாகம் மாட்டி மாற்றினால் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். கேட்டைப் பிடுங்குவதும் சத்தம் போடும் சைலென்சரும் பார்த்த உடனே மாட்டும். ரீமேப் கண்ணுக்குத் தெரியாதுதான், ஆனால் விபத்து க்ளெய்மில் இன்சூரன்ஸ்காரர் தோண்டினால் சொல்லாத மாற்றமாக நிற்கும். முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள், பிரீமியம் கூடினாலும் பரவாயில்லை.

கடையில் கேட்க வேண்டியது: பின் ஆக்சிஜன் சென்சார் கண்காணிப்பை அணைக்காத ஃபைல், உங்கள் ஒரிஜினல் மேப்பின் நகல், முன்னும் பின்னும் எடுத்த லாக். இந்த மூன்றில் எதற்காவது இழுத்தடித்தால் வேறு கடை பாருங்கள். டெஸ்ட் அன்று பைபாஸில் ஒரு கால் மணி நேரம் ஓட்டிவிட்டு நேரே போய் நில்லுங்கள், வரிசை இருந்தாலும் என்ஜினை ஆஃப் செய்யாதீர்கள். கேட் 300 டிகிரி பக்கம் சூடானால்தான் வேலை செய்ய ஆரம்பிக்கும்.

திருப்பூர்_ஜிடி:

சரி அண்ணா. வால்வு சுத்தம் செய்ய அடுத்த வாரம் வண்டியை விடுகிறேன். அதற்குப் பிறகு கோத்தகிரி ஏறிப் பார்த்துவிட்டுத்தான் ரீமேப் பற்றி முடிவு. லாக் எடுத்தால் இங்கேயே போடுகிறேன்.