பழைய ராக் ஆல்பம் கேக்குறவங்க யாராச்சும் இருக்கீங்களா, ஒரு ஹெல்ப்

மக்களே, நமக்கு மியூசிக் ஞானம்லாம் கிடையாது, பஸ்ல ஹெட்செட் மாட்டிட்டு கேக்குற கேஸ் தான். போன மாசம் 60, 70கள்ல வந்த ஆல்பங்கள முழுசா கேக்கலாம்னு ஆரம்பிச்சேன்.

பீட்டில்ஸோட அபே ரோடு (1969) போட்டேன், அதுல 'ஐ வாண்ட் யூ'னு ஒரு பாட்டு கிட்டத்தட்ட எட்டு நிமிஷம், ஒரே கிட்டார் திரும்பத் திரும்ப வந்து சத்தம் ஏறிக்கிட்டே போகுது, கடைசில கத்திரிக்கோல் வச்சு வெட்டுன மாதிரி பட்டுனு நின்னுருச்சு. ப்ளூடூத் புட்டுக்கிச்சுனு நெனச்சு ரெண்டு தடவ கனெக்ட் பண்ணேன்ங்க! அப்புறம் பாத்தா வேணும்னே அப்படி வெட்டுனதாம், எல்பி ரெக்கார்டுல மொத பக்கம் அதோட முடியுது.

ரெண்டாவது பக்கத்துல குட்டிப் பாட்டெல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு ஓடுது, அது செம. ஆனா என் போன்ல ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவுல அரை செகண்ட் கேப் விழுது. பிங்க் ஃப்ளாய்டோட டார்க் சைட் ஆஃப் த மூன்லயும் (1973) இதே ரோதனை. இதுக்கு எந்த ஆப், என்ன செட்டிங்னு சொல்லுங்க.

லெட் ஸெப்ளின் நாலாவது ஆல்பம், அடிக்க வராதீங்க, 'ஸ்டேர்வே டு ஹெவன்' பாட்டு தவிர செட் ஆகல. ஃப்ளீட்வுட் மேக்கோட ரூமர்ஸ் (1977) மட்டும் தினமும் ஓடுது. பேண்டுக்குள்ள ரெண்டு ஜோடி பிரிஞ்சுக்கிட்டு இருந்தப்ப பண்ணது, அதுல 'ட்ரீம்ஸ்' பாட்டுல, பாடுற அம்மா தன்ன விட்டுப் பிரியுற ஆளப் பத்தி பாடுது, அவரே பக்கத்துல கிட்டார் வாசிக்கிறாரு, என்ன மனசோ!

இந்த மாதிரி மெலடியா, பத்து நிமிஷ சோலோ இல்லாம, அடுத்து எத கேக்கலாம்? ஒண்ணு ரெண்டு போதும், லிஸ்ட் போட்டு பயமுறுத்தாதீங்க.